பெயர் போடாத டீச்சர்

1806ம் வருஷம் லண்டனில் ஒரு புத்தகம் வெளிவந்தது. இரண்டு பாகம். கெமிஸ்ட்ரி பற்றிய உரையாடல்கள் என்று தலைப்பு. அட்டையைப் புரட்டினால் எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் உள்ளே நாலு பக்கம் படித்தவுடனேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும். எழுதியது ஒரு பெண். முன்னுரையில் அவரே சொல்லியிருந்தார். ஒரு பெண் இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் எழுதலாமா என்கிற தயக்கத்தையும் சேர்த்து.

கெமிஸ்ட்ரி என்றாலே பத்தாம் வகுப்பு நினைவு வந்து முகம் சுளிக்கிற வாசகர்கள் தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நானே பத்தாவதோடு அந்தப் பாடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு காமர்ஸ் குரூப்புக்குப் போனவன்தான். ப்ளஸ் டூவில் சயின்ஸ் குரூப் பசங்கள் சால்ட் அனாலிசிஸ் முடித்து லேபிலிருந்து வரும்போது கூடவே வருமே ஓர் அழுகிய முட்டை வாசனை, அதுதான் எனக்கும் மேல்நிலை வேதியியலுக்கும் இருந்த ஒரே சம்பந்தம். ஆகவே பயமுறுத்தும் சமன்பாடு எதுவும் இந்தக் கட்டுரையில் வராது. இது பாடப்புத்தகங்களின் கதை.

அந்தப் பெண்மணியின் பெயர் ஜேன் மார்செட். 1769ல் லண்டனில் பிறந்தவர். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பணக்கார வியாபாரி. அம்மா சீக்கிரமே இறந்துவிட, பதினைந்து வயதிலேயே வீட்டு நிர்வாகம் ஜேனின் தலையில். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது, அப்பாவின் விருந்துகளுக்கு வருகிற பெரிய மனிதர்களை உபசரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1799ல் அலெக்சாண்டர் மார்செட் என்கிற ஜெனீவா டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். டாக்டருக்கு மருத்துவத்தைவிட கெமிஸ்ட்ரி மேல்தான் காதல் அதிகம். வீட்டுக்கு வருகிற நண்பர்களும் அதே கோஷ்டி.

அந்தச் சமயம் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி என்று ஓர் இளைஞர் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கெமிஸ்ட்ரி சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்தார். சொற்பொழிவு என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. நம் ஊரில் புதுப்பட ரிலீஸுக்குக் கூடுகிற மாதிரி கூட்டம். புகை வரும், வெடிக்கும், நிறம் மாறும். ஆள் பார்க்கவும் அழகாக இருப்பார். பெண்கள் கூட்டம் அம்மியது. குதிரை வண்டிகளின் நெரிசல் தாங்காமல் அந்த ஆல்பெமார்ல் தெருவை ஒருவழிப் பாதையாக மாற்றினார்கள் என்றும், லண்டனின் முதல் ஒருவழிப் பாதையே அதுதான் என்றும் சொல்வார்கள்.

ஜேனும் போனார். உட்கார்ந்து கேட்டார். பாதி புரியவில்லை.

புரியாமல் போனதற்குக் காரணம் டேவியும் இல்லை, ஜேனும் இல்லை. மேடையில் ஒரு பரிசோதனை கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. கேள்வி கேட்க வழியில்லை. வீட்டுக்கு வந்து கணவரோடு பேசி, அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபிறகு ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. மறுபடி சொற்பொழிவுக்குப் போனால் இப்போது எல்லாம் புரிகிறது! பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் தீர்த்துவைக்க ஓர் ஆள் இருந்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. எல்லாருக்கும் கெமிஸ்ட்ரி தெரிந்த கணவர் கிடைப்பாரா என்ன? அந்த ஆளைப் புத்தகத்துக்குள் உட்காரவைத்தால்?

அப்படிப் பிறந்தவர்தான் மிஸஸ் பி. புத்தகத்தில் வருகிற டீச்சர். அவரிடம் படிக்க இரண்டு பெண்கள். எமிலி, கரோலின். எமிலி சமர்த்து, யோசித்துக் கேட்பவள். கரோலின் குறும்பு. அவளுக்கு ஏதாவது பளிச்சென்று எரிய வேண்டும், டமாரென்று வெடிக்க வேண்டும். ஆரம்பத்தில் கெமிஸ்ட்ரி என்றால் மருந்துக்கடை சமாசாரம்தானே என்கிற அலட்சியம் வேறு. இந்த இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மிஸஸ் பி. சலிக்காமல் சொல்வார். நடுநடுவே செய்து காட்டுவார். ஒரு பெண் தப்பாகப் புரிந்துகொண்டால் திட்டமாட்டார். அந்தத் தப்பிலிருந்தே அடுத்த விளக்கத்தைத் தொடங்குவார். நம் எல்லாருக்கும் பள்ளியில் இப்படி ஒரு டீச்சர் கிடைத்திருந்தால் என்கிற ஏக்கம் படிக்கிறவர்களுக்கு வராமல் போகாது.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. இங்கிலாந்தில் மட்டும் பதினாறு பதிப்புகள். கடைசிப் பதிப்பு 1853ல். அப்போது அம்மணிக்கு வயது 84. சும்மா மறுபதிப்பு போட்டுத் தள்ளவில்லை. சோடியம், பொட்டாசியம் என்று டேவி புதிது புதிதாகக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, மிஸஸ் பி.யும் தன் பாடத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

ஒரு சின்ன கொசுறு. 1816ல் இதே பாணியில் பொருளாதாரத்துக்கும் ஒரு புத்தகம் எழுதினார் ஜேன் மார்செட். அதே மிஸஸ் பி., அதே கரோலின். காமர்ஸ்காரனான எனக்கு இதில் தனி சந்தோஷம். 1825ல் மில்டனைப் பற்றி எழுதிய கட்டுரையில் மெக்காலே இதைக் குறிப்பிடுகிறார். மார்செட் அம்மையாரின் இந்தச் சின்ன உரையாடல்களைப் படித்த எந்தச் சிறுமியும் பழைய காலத்து நிதி மந்திரிகளுக்குப் பாடம் நடத்தலாம் என்கிற அர்த்தத்தில். எந்த மெக்காலே? சாட்சாத் அவரேதான். 1835ல் இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்விதான் வேண்டும் என்று குறிப்பு எழுதினாரே, அவர்.

சரி, கெமிஸ்ட்ரிக்கு வருவோம்.

லண்டனில் ரீபோ என்பவரின் புத்தகக் கடை. புத்தகம் பைண்டு செய்து கொடுக்கிற வேலையும் அங்கே உண்டு. 1805ல் ஒரு பதினான்கு வயதுப் பையன் தொழில் பழகச் சேர்ந்தான். கொல்லன் மகன். எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரியும், அவ்வளவுதான் படிப்பு. பைண்டிங்குக்கு வருகிற புத்தகங்களைத் தைப்பதோடு நிறுத்தாமல் படிக்கவும் செய்தான். முதலாளி நல்ல மனுஷர், தடுக்கவில்லை. அப்படி ஒரு நாள் அவன் கைக்கு மார்செட்டின் புத்தகம் வந்தது.

படித்தான். அந்த வயதில் அவனுக்கு எதையும் சுலபமாக நம்பிவிடுகிற சுபாவம்தான், ஆனாலும் ஒருவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டான். மிஸஸ் பி. சொல்வதெல்லாம் நிஜமா? கையிலிருந்த சொற்பக் காசில் சாமான் வாங்கி, முடிந்த பரிசோதனைகளைச் செய்து பார்த்தான். புத்தகம் சொன்னபடியே நடந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்.

1812ல் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். நாலு சொற்பொழிவு. அத்தனையையும் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பி வேலை கேட்டான். 1813 மார்ச்சில் உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் தங்க இடம்.

பெயர் மைக்கேல் ஃபாரடே.

இன்று உங்கள் வீட்டுக்கு மின்சாரம் தருகிற ஜெனரேட்டர் எதுவாக இருந்தாலும் அதன் மூலம் 1831ல் அவர் செய்த பரிசோதனையில் இருக்கிறது. 1858ல் ஜேன் மார்செட் இறந்தபோது, ஜெனீவாவில் இருந்த ஒரு விஞ்ஞானி நண்பருக்கு ஃபாரடே கடிதம் எழுதினார். தனக்கு இந்த வழியைத் திறந்துவிட்டதே அந்தப் புத்தகம்தான் என்று. பெரிய ஆளான பிறகு தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை எல்லாம் அந்த அம்மாவுக்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பிக்கொண்டிருந்தாராம்.

பெண்களுக்காக எழுதிய புத்தகம். உருவாக்கியதோ ஒரு பைண்டிங் கடைப் பையனை. பல்கலைக்கழகம் இருவரையுமே உள்ளே விடவில்லை என்பதைக் கவனியுங்கள். பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. கொல்லன் மகனுக்கு வசதி கிடையாது. வாசலுக்கு வெளியே நின்ற ஒருவர், வெளியே நின்ற இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இதற்குள் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போய்விட்டது புத்தகம். அங்கே நடந்தது வேறு கூத்து. வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை என்று ஒன்று வந்ததே 1891ல்தான். அதுவரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். விற்றார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள். அட்டையில் காம்ஸ்டாக் என்கிற டாக்டரின் பெயர் இருக்கும், ப்ளேக் என்கிற பாதிரியாரின் பெயர் இருக்கும். எழுதினவர் பெயர்? அது எதற்கு!

அமெரிக்காவில் அப்போது பெண்கள் பள்ளிகள் பெருகிக்கொண்டிருந்தன. ஆண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போக லத்தீனும் கிரேக்கமும் கட்டாயம். அதிலேயே அவர்கள் பொழுது போய்விடும். பெண்களுக்கோ கல்லூரியே இல்லை, அதனால் லத்தீனும் தேவையில்லை. காலியாக இருந்த அந்த இடத்தில் விஞ்ஞானம் நுழைந்தது. கெமிஸ்ட்ரி பெண்கள் பாடம் என்றே ஒரு காலகட்டம் இருந்தது என்றால் இன்று நம்புவீர்களா? நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் இருந்த பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அல்மிரா ஃபெல்ப்ஸ், 1834ல் ஆரம்ப மாணவர்களுக்கென்றே ஒரு கெமிஸ்ட்ரி புத்தகம் எழுதினார். அவருக்கு முன்னால் அங்கெல்லாம் மார்செட் ராஜ்யம்தான்.

டாக்டர் காம்ஸ்டாக்குக்கு ஒரு கவலை. மிஸஸ் பி. செய்யச் சொல்கிற சில பரிசோதனைகள் அபாயமானவை. பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளும். ஆகவே அடிக்குறிப்புகளில் எச்சரித்தார், திருத்தினார். அது நியாயம். ஆனால் அதோடு நிற்கவில்லை. பயிற்சிக் கேள்விகளைச் சேர்த்தார். பாதிரியார் ப்ளேக் தன் பங்குக்கு இன்னும் ஏராளமான கேள்விகளைச் சேர்த்தார். வகுப்பில் ஆசிரியர் கேட்க வேண்டியது, மாணவி பார்க்காமல் ஒப்பிக்க வேண்டியது.

என்ன நடந்திருக்கிறது பாருங்கள். அசல் புத்தகத்தில் கேள்வி கேட்பது மாணவிகள். பதில் சொல்வது டீச்சர். புத்தகத்தின் உயிரே அதுதான். பள்ளிக்கூடப் பதிப்பில் அது அப்படியே தலைகீழாகிவிட்டது. கேள்வி கேட்பது டீச்சர், பதில் சொல்ல வேண்டியது மாணவி. கரோலினின் குறும்புகூட மனப்பாடப் பகுதி! பரீட்சைக்கு முந்தின நாள் கெய்டு வாங்கிப் புரட்டியவர்கள் யாரும் இதைப் பார்த்து ஆச்சரியப்படப் போவதில்லை.

ஆனால் ஃபாரடே மூலமாக மிஸஸ் பி.யின் நிஜமான வாரிசு இங்கிலாந்தில் வளர்ந்துகொண்டிருந்தது. ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கென்றே சொற்பொழிவு நடத்தும் வழக்கம் 1820களில் தொடங்கியது. அதில் பத்தொன்பது முறை பேசினார் ஃபாரடே. 1848லும் மறுபடி 1860லும் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு மெழுகுவத்தி. அவ்வளவுதான் சாமான். அது ஏன் எரிகிறது, மெழுகு எங்கே போகிறது, சுடரில் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு, மேலே ஒரு குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இப்படிப் போய் ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் முடித்து, கடைசியில் நாம் மூச்சு விடுவதும் ஒரு மெழுகுவத்தி எரிவதும் ஒரே சங்கதிதான் என்று கொண்டுவந்து நிறுத்துவார். 1861ல் அது புத்தகமாக வந்தது.

அந்தப் புத்தகத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பை, நூறு வருஷம் கழித்து, ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் தன் மாணவனைப் படிக்கச் சொன்னார். பையன் அகிரா யோஷினோ. 2019ல் கெமிஸ்ட்ரிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். எதற்காக என்றால் லித்தியம் அயான் பேட்டரி. தனக்கு கெமிஸ்ட்ரி ஆசை வந்ததே அந்த மெழுகுவத்திப் புத்தகத்தால்தான் என்று அவரே சொன்னார். உங்கள் செல்போனுக்குள் இருக்கிறதே, அந்த பேட்டரிதான். மார்செட் அம்மையாரிடமிருந்து உங்கள் சட்டைப் பை வரைக்கும் ஒரு நூல் ஓடுகிறது.

இப்போது ரஷ்யா.

சைபீரியாவில் தொபோல்ஸ்க் என்ற ஊர். பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவரின் வீட்டில் ஒரு டஜனுக்கும் மேல் பிள்ளைகள். கடைக்குட்டி பிறந்த 1834லேயே அப்பாவுக்குக் கண் போய்விட்டது. அம்மா ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பிறகு அப்பாவும் இறந்து, தொழிற்சாலையும் எரிந்துபோக, கடைசிப் பையனையாவது படிக்கவைக்கிறேன் என்று ஆயிரக்கணக்கான மைல் கூட்டிக்கொண்டு போனார் அந்தத் தாய். மாஸ்கோவில் இடம் கிடைக்கவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிடைத்தது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். பையனைச் சேர்த்த அதே 1850ல் அம்மா கண்ணை மூடிவிட்டார்.

பையன் பெயர் மெண்டலீவ். படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் உத்தியோகம் ஸ்கூல் வாத்தியார். சிம்ஃபெரோபோலில் கொஞ்ச காலம், ஒடெஸாவில் கொஞ்ச காலம். பிறகு ஆராய்ச்சி, வெளிநாடு எல்லாம் போய் 1867ல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பொது வேதியியல் பேராசிரியர். பாடம் நடத்தப் போனால் மாணவர்களுக்குக் கொடுக்க ரஷ்ய மொழியில் சரியான புத்தகம் இல்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார்.

அப்போது தெரிந்த தனிமங்கள் 63. முதல் பாகம் முடிந்தபோது பார்த்தால், அதில் விரிவாக எழுதியிருந்தது கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும். ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன், குளோரின் குடும்பம். மீதி ஐம்பத்துச் சொச்சத்தையும் இரண்டாம் பாகத்துக்குள் அடைத்தாக வேண்டும். எதற்குப் பின்னால் எதைச் சொல்வது? ஒவ்வொன்றாகச் சொன்னால் மாணவன் செத்தான். ஏதாவது ஓர் ஒழுங்கு வேண்டும்.

இது ஆராய்ச்சிக்கூடப் பிரச்னை இல்லை. அட்சர சுத்தமாக ஒரு வாத்தியாரின் பிரச்னை. நாளைக்கு என்ன பாடம், நாளன்றைக்கு என்ன பாடம் என்பதுதான்.

குளோரின் குடும்பத்தை முடித்தாயிற்று. அடுத்து சோடியம் குடும்பம். இரண்டும் குணத்தில் எதிரும் புதிரும். ஆனால் அணு எடையைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்? குளோரின் 35.5, பொட்டாசியம் 39. ப்ரோமின் 80, ருபீடியம் 85. அயோடின் 127, சீசியம் 133. ஒவ்வொரு ஜோடியிலும் இது முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது தொடங்குகிறது! 1869 மார்ச் 1ம் தேதி, நம் காலண்டர்படி, அவர் சீஸ் பண்ணை ஒன்றைப் பார்வையிடக் கிளம்ப வேண்டியிருந்தது. அதற்கான அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே இந்தக் கணக்கைக் கிறுக்கியிருக்கிறார். அன்றைக்கே முதல் அட்டவணை தயார். கனவில் வந்தது என்றெல்லாம் சொல்லப்படுகிற கதையை விட்டுத் தள்ளுங்கள். சிலபஸ் போட உட்கார்ந்த இடத்தில் கிடைத்தது என்பதே போதுமான அதிசயம்.

ஒழுங்கு பொருந்தாத இடங்களில் மனுஷர் காலிக் கட்டம் விட்டார். இங்கே ஒன்று இருக்க வேண்டும், இன்னும் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று. அதற்கெல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து எண் எடுத்துப் பெயர் வைத்தார். ஏக அலுமினியம், ஏக சிலிக்கான். 1875ல் ஒரு பிரெஞ்சுக்காரர் காலியம் என்று ஒன்றைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். அதைப் பார்த்ததே இல்லாத மெண்டலீவ், தப்பு, 5.9 பக்கம் இருக்க வேண்டும், நன்றாகச் சுத்தம் செய்து திரும்ப அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள். 5.9. அடுத்து 1879ல் ஸ்காண்டியம், 1886ல் ஜெர்மேனியம் என்று காலிக் கட்டங்கள் நிரம்பின.

இதற்குப் பிறகு இங்கிலாந்தில் ஆர்ம்ஸ்ட்ராங் என்றொரு பேராசிரியர் கிளம்பினார். பாடப்புத்தகமே வேண்டாம், மாணவனே தராசைப் பிடித்து, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, சுண்ணாம்பில் என்ன இருக்கிறது என்று தானே கண்டுபிடிக்கட்டும் என்பது அவர் கட்சி. 1880களிலிருந்து 1937ல் சாகும்வரை இதே பேச்சு. அழகான யோசனைதான். ஆனால் உலகத்து மேதைகள் இருநூறு வருஷத்தில் கண்டுபிடித்ததை ஒரு பள்ளிப் பையன் வாரத்துக்கு மூன்று பீரியடில் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எப்படி? பள்ளிகளில் லேப் கட்ட வேண்டும் என்கிற எண்ணத்தைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்காக ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகரலாம்.

நான் இத்தனையும் சொல்ல வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022ல், கொரோனாவால் பின்தங்கிய பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்று என்சிஇஆர்டி தன் புத்தகங்களிலிருந்து நிறையப் பாடங்களை நீக்கியது. 2023ல் அச்சாகி வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் டார்வினின் பரிணாமத்தைக் காணோம். 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். நாடே பேசியது. அந்தச் சத்தத்தில் இன்னொன்று பலர் கண்ணில் படவில்லை. மெண்டலீவ் அட்டவணைக்கென்று இருந்த பாடமும் போய்விட்டிருந்தது. கேட்டபோது, பதினொன்றாம் வகுப்பில் விரிவாக இருக்கிறது என்று பதில் வந்தது.

இருக்கிறது, வாஸ்தவம். பதினொன்றாம் வகுப்பில் கெமிஸ்ட்ரி எடுத்தவர்களுக்கு. காமர்ஸுக்கும் ஆர்ட்ஸுக்கும் ஐடிஐக்கும் போகிறவர்களுக்கு, பத்தாவதோடு படிப்பை நிறுத்துகிறவர்களுக்கு? அவர்களுக்குப் பத்தாவதுதான் கெமிஸ்ட்ரியின் கடைசி பஸ். அமிலம், காரம், உலோகம், கார்பன் என்று தனித்தனியாகப் படித்துவிட்டு, இதெல்லாம் ஒரே குடும்பத்து ஆட்கள் என்று சொல்கிற அந்த ஒரு பக்கத்தைப் பார்க்காமலே இறங்கிப் போவார்கள். 63 தனிமங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னால் மாணவன் தாங்கமாட்டான் என்று, சுமையைக் குறைப்பதற்காகவே உண்டான அட்டவணை அது. அதையே சுமை என்று தூக்கிவிட்டார்கள்.

நம் மாநிலத்தில் 2019ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு ஒரு தனிப் பாடமாகவே இருக்கிறது. வீட்டில் அந்தப் புத்தகம் இருந்தால் இன்று ராத்திரி கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். குளோரின் வலது ஓரத்துக்கு முந்தின வரிசையில் இருக்கும். பொட்டாசியம் அதற்கு அடுத்த வரியில் இடது ஓரம். 1869ல் ஒரு வாத்தியார் கடிதத்தின் பின்பக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தது இந்த இரண்டையும்தான். நடுவில் ஆர்கான் என்று ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். அது 1894ல் வந்து சேர்ந்த ஆள்.

அது ஏன் அங்கே வந்தது என்று பிள்ளை கேட்டால், கேட்கவிடுங்கள்.